பாம்புநாக்குப் புல்

ஃபோஷான்
9 மார்ச் 1986

கிட்லிங்,

இதை நான் வீட்டிலிருந்து எழுதவில்லை. பீங்கான் ஆலையில், மெருகு பூசும் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள். பதில் எழுதினால் இந்த ஆலை விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு உன் வழக்கப்படி தெருவே கேட்கக் கத்தாதே.

உன் அண்ணனுக்கு ஈரலில் கட்டி. கெட்ட கட்டி. பெரிய டாக்டர் என்னை மட்டும் நடைக்கு அழைத்துப் போய்ச் சொன்னார். "அறுக்கற கட்டம் தாண்டிப்போச்சும்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நல்லதாப் பார்த்துச் சமைச்சுக் குடுங்க." பிறகு உள்ளே வந்து உன் அண்ணன் முதுகில் தட்டி, "ஈரல் கொஞ்சம் வீங்கியிருக்கு, ஓய்வெடுத்தா சரியாயிடும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. உன் அண்ணன் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பார்க்கவில்லை.

நோய்க்காரனிடம் யார்தான் சொல்வார்கள்? நோய் கொல்வதற்கு முன்னால் பயம் கொன்றுவிடும். மூன்றாம் மாடிச் சாவ் மாமாவிடம் அவர் மகன் வாய் தவறிச் சொன்னான். அன்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். உன் அண்ணனுக்கு அந்தக் கதி வரக்கூடாது. இருக்கிற நாளில் தான் ஓட்டுகிற பஸ்ஸைப் பற்றியும் படகுப் பந்தயத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு இருக்கட்டும்.

அவர் உன் கடிதங்களைச் சத்தமாகப் படிக்கிறவர். ஆகவே வீட்டுக்குப் பன்றி, பனி, உன் புருஷன் குறட்டை என்று வழக்கம்போல எழுது. நிஜத்தை இங்கே எழுது.

ஹோ வைத்தியரிடம் மருந்து வாங்கியிருக்கிறேன். சமையலை இன்றிலிருந்து மாற்றிவிட்டேன்.

அண்ணி


ஃபூசோங்
22 மார்ச்

அண்ணி,

கத்தாதே என்றால் எப்படி? கத்தினேன். பன்றிக் கொட்டடிக்குள் போய்க் கத்தினேன். என் புருஷன் யாரோ பன்றி திருட வந்துவிட்டான் என்று தடியோடு ஓடி வந்தார். முதல் வரியில் எழுத வேண்டியதை விலாசம், மேஜை, சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டு எழுதுகிறீர்கள். உங்களுக்கு எதிலும் ஒரு நிதானம். எனக்கு அது ஆகவே ஆகாது.

நான் வடக்கத்திச் சிப்பாயைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது வீட்டில் எல்லாரும் என்னைத் தலைமுழுகினார்கள். அண்ணன் மட்டும்தான் ரயிலடிக்கு வந்து என் பெட்டியைத் தூக்கினான். நீங்கள் வரவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினீர்கள். நான் மறக்கவில்லை.

பொய் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஆனால் சும்மா இருக்க என்னால் முடியாது. என் மாமனார் காட்டில் தோண்டிய ஜின்செங் வேர் ஒன்று அனுப்புகிறேன். தோட்டத்து வேர் இல்லை, காட்டு வேர். அவர் தன் சாவுக்கென்று வைத்திருந்தது. நான் காலில் விழுந்து கேட்டேன். சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். மெல்லிய வில்லையாகச் சீவி, காலையில் நாக்குக்கு அடியில் வையுங்கள். போகிற உயிரையும் இது இழுத்துப் பிடிக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உடனே கொடுங்கள். அலமாரியில் வைத்து அழகு பார்க்காதீர்கள்.

கிட்லிங்


ஃபூசோங்
22 மார்ச்
(வீட்டு விலாசத்துக்கு)

அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

இங்கே எல்லாரும் சௌக்கியம். பனி இன்னும் முட்டளவு கிடக்கிறது. கறுப்புப் பன்றி குட்டி போட்டது. ஒன்றுக்கு அண்ணன் ஜாடை, அதே தொங்கிய காது.

அண்ணனுக்கு ஈரல் வீக்கமாமே? எல்லாம் அந்த அரிசிச் சாராயம் செய்த வேலை. நன்றாக வேண்டும். இனிமேலாவது அண்ணி கொடுப்பதை முகம் சுளிக்காமல் குடி. நான் வந்து பார்க்கும்போது நீ இந்தப் பன்றிக்குட்டி மாதிரி கொழுத்திருக்க வேண்டும்.

கிட்லிங்


ஃபோஷான்
14 ஏப்ரல்

கிட்லிங்,

வீட்டுக்கு எழுதியது வந்தது. பன்றிக்குட்டி இடத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பொய் உனக்கு நன்றாகவே வருகிறது.

வேரும் வந்தது. ஹோ வைத்தியரிடம் எடுத்துப்போனேன். அவர் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "தங்கமான வேர்தான். ஆனா உங்க வீட்டுக்காரர் உடம்பு இப்ப கொதிக்கற சட்டி. இதுல இதைப் போட்டா மூடி எகிறிடும்." உன் ஊர்க் குளிரில் பிறந்த வேர் உன் ஊர் உடம்புக்குச் சரி. இங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டது, சுவரெல்லாம் வியர்க்கிறது. உன் அண்ணன் நாக்கு மஞ்சள் பூத்திருக்கிறது, உள்ளங்கை சுடுகிறது. இப்போது ஜின்செங் கொடுப்பதும் விறகு போடுவதும் ஒன்று. அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். அழகு பார்க்க அல்ல.

நான் செய்வதைச் சொல்கிறேன், குறை சொல்வதற்காவது தெரிந்துகொள். விடியலில் சந்தைக்குப் போய் எலும்பு வாங்குகிறேன். மண்சட்டியில் எலும்பு, காய்ந்த இஞ்சித் தோல், நீர்ப்பூசணி, சில நாள் தாமரைக் கிழங்கு. அதோடு ஹோ வைத்தியர் கொடுத்த பாம்புநாக்குப் புல். அதைத் துணிப் பையில் கட்டிப் போட்டு, பரிமாறும் முன் எடுத்துவிடுகிறேன். அந்தப் புல்லை எந்த நோய்க்காக வாங்குவார்கள் என்று இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? அதனால் அதன் வாடையைக் கொல்ல கணவாய்க் கருவாடு, பச்சை வாடை தெரியாமலிருக்க சர்க்கரையில் காய்ச்சிய இலந்தை. சட்டியை விட்டு அசைய முடியாது. அடுப்பைக் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும், நுரையை வழிக்க வேண்டும். ஆலையில் பாதி நாள் விடுப்பு வாங்கிவிட்டேன். மீதி நாள் முழுக்க அடுப்படிதான்.

மூலிகைத் தேநீர்க் கடைக்காரர் மகனை எப்படி ஏய்ப்பாய் என்று நீ கேட்பாய். உங்கள் அப்பா கடை மூடி எத்தனை காலமாயிற்று? உன் அண்ணன் சிகரெட் பிடித்துப் பிடித்து நாக்கில் உப்பா சர்க்கரையா என்றே தெரியாதவர். நேற்றுக்கூடக் கிண்ணத்தை மோந்துவிட்டு, "கணவாய் போட்டியா? நம்ம வீட்ல கல்யாணமா?" என்றார். முழுக்கக் குடித்தார்.

சுட்ட வாத்தும் லிச்சிப் பழமும் கேட்கிறார். இரண்டும் சூடு. கொடுக்கவில்லை.

நீ இப்போது வராதே. திருவிழா இல்லை, விசேஷம் இல்லை, நீ இவ்வளவு தூரம் வந்து நின்றால் அவருக்குப் புரிந்துவிடும்.

அண்ணி


ஃபூசோங்
2 மே

அண்ணி,

வேரை வைத்தியர் கும்பிட்டார் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? என் மாமனார் தினமும் கேட்கிறார், "உங்க அண்ணனுக்குத் தெம்பு வந்துச்சா?" என்று. என்ன பதில் சொல்ல? அண்ணி பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறார் என்றா?

படகுப் பந்தயத் திருநாளுக்கு வருகிறேன். அதுதான் விசேஷம். போதுமா? வன அலுவலகத்தில் விடுப்பு கிடைத்துவிட்டது. ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று வீட்டுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கதவைத் திறப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கிட்லிங்


ஃபோஷான்
24 ஜூன்

கிட்லிங்,

உன் பையை மாடிப்படியில் கொண்டுவந்து வைத்தது நான்தான். அதற்கு வருந்தவில்லை. நான்கு மாடிக்காரர்களும் எட்டிப் பார்த்தார்களே, அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

நான் சந்தைக்குப் போகிற நேரம் பார்த்து என் அலமாரியைத் திறந்து, என் கத்தியால் வேரைச் சீவி, அவர் நாக்கடியில் வைத்திருக்கிறாய். ஒரு நாளா? நீ இருந்த அத்தனை நாளும். திருநாள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவர் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியதைப் பார்த்தாயே. நிற்கவில்லை. சட்டையெல்லாம், பாயெல்லாம். அப்போதும் நீ "இது கெட்ட ரத்தம், போகட்டும்" என்றாய். உன்னை அங்கேயே அறையாமல் விட்டது என் பொறுமை.

அவர் என்னைக் கேட்டது என்ன தெரியுமா? "அவளை ஏன் அனுப்பின? சின்னப் பொண்ணு, ஆசையில செஞ்சா." சின்னப் பெண்ணாம். முப்பத்தெட்டு வயது. ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மெலிந்துவிட்டார். கண் மஞ்சளாகிவிட்டது. நான் மூன்று மாதம் இறக்கிய சூட்டை நீ ஒரு வாரத்தில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாய்.

வாத்துக் கால் வாங்கிக் கொடுத்ததும் தெரியும். எலும்பைப் பூந்தொட்டியில் புதைத்தால் எறும்பு வராதா?

அண்ணி


ஃபூசோங்
10 ஜூலை

அண்ணி,

ஆமாம், வாத்துக் கால் வாங்கிக் கொடுத்தேன். "ஒரே ஒரு கால் வாங்கிட்டு வாடி, உங்க அண்ணி மோப்பம் புடிக்கறதுக்குள்ள" என்று கெஞ்சினான். பல்லில் கடித்தபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கே பார்ப்பீர்கள்? நீங்கள் அவன் முகத்தைப் பார்க்கிறீர்களா? நான் இருந்த நாளெல்லாம் உங்கள் முதுகைத்தான் பார்த்தேன். கிண்ணத்தை வைப்பீர்கள், கிண்ணம் காலியா என்று பார்ப்பீர்கள், கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போவீர்கள். அவனிடம் நாலு வார்த்தை? நாக்கை நீட்டு, வெளிக்குப் போனாயா, கஞ்சி செரித்ததா. இதுவா புருஷன் பெண்சாதி பேச்சு?

ருசியானதெல்லாம் சூடு. பிடித்ததெல்லாம் விஷம். மனுஷனுக்கு மிச்சம் என்ன வைத்தீர்கள்?

ரத்தம் வந்தது என் வேராலா, உங்கள் களைத் தண்ணீராலா என்று எந்த வைத்தியனும் அடித்துச் சொல்ல முடியாது. என் தலையில் கட்டாதீர்கள்.

நான் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருந்தது. ரயிலடியில் நின்று யோசித்தேன். நீங்கள் படிக்கட்டில் எறிந்த பை கையில் இருந்தது. சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

கிட்லிங்


ஃபோஷான்
15 செப்டம்பர்

கிட்லிங்,

தந்தி கிடைத்திருக்கும். 'வர வேண்டாம்' என்று சேர்த்தது நானேதான். நீ ரயிலேறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். முடிந்துவிட்டது.

காலையில் போனார். நான் அடுப்படியில் நுரை வழித்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தோடு வந்தபோது தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, ஆறட்டும் என்று கிண்ணத்தை மூடி வைத்தேன். பிறகுதான் தெரிந்தது.

என்னை ஆயிரம் சொல். முதுகைக் காட்டினேன், நாக்கைக் காட்டச் சொன்னேன், வாத்தைக் கொடுக்கவில்லை. எல்லாம் சரி. ஆனால் ஒன்றைச் செய்தேன், அதை நீயும் மறுக்க முடியாது. அவருக்குக் கடைசிவரை தெரியாது. சாவ் மாமா மாதிரி சுவரைப் பார்த்துக் கிடக்கவில்லை. முதல் நாள் மாலைகூட, "அடுத்த வருஷம் பஸ்ஸுக்குப் புது சீட் போடறாங்களாம்" என்றார். பயமில்லாமல் போனார். அந்தப் பயம் முழுவதையும் நான் ஒருத்தி சுமந்தேன். என் வாழ்நாளில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான்.

உன் வேரில் மீதி இருக்கிறது. உன் மாமனாருக்குத் திருப்பி அனுப்புகிறேன்.

அண்ணி


ஃபூசோங்
29 செப்டம்பர்

அண்ணி,

'வர வேண்டாம்.' என் அண்ணனின் சாம்பலுக்கு நான் வர வேண்டாம். அதை முடிவு செய்ய நீங்கள் யார்?

வாயைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஜெயித்தேன் என்று எழுதினீர்களே, அதற்குப் பிறகு முடியவில்லை. கேளுங்கள். அவனுக்குத் தெரியும்.

நீங்கள் முதல் சட்டி வைத்த அன்றே தெரியும். அப்பா கடைக்கு அந்தப் புல்லைக் கட்டுக்கட்டாகத் தலையில் சுமந்து வந்தவன் அவன். நானும் அவனும் அதைக் கூரையில் காயவைத்து, அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறோம். அதை நீங்கள் கணவாயைப் போட்டு மறைத்தீர்கள்! அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். "கணவாயும் இலந்தையும் ஒரே சட்டியில, பாவம், எவ்ளோ மெனக்கெடறா பாரு. வைத்தியர் கடைப் பொண்ணு என்னைப் பாத்து தலைகுனிஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு. சூப்பு வந்ததும் உறுதியாச்சு."

நீங்கள் சந்தைக்குப் போயிருந்தபோதுதான் சொன்னான். "அவகிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு தெம்பா இருக்கா. அது உடைஞ்சா அவ உடைஞ்சுடுவா." என் வேரையும் அப்படித்தான் வாயில் வைத்துக்கொண்டானாம். எனக்காக. உங்கள் கிண்ணம் உங்களுக்காக.

பயத்தை நீங்கள் ஒருத்தி சுமக்கவில்லை. அவனும் அடுத்த அறையில் சுமந்துகொண்டிருந்தான். தனியாக.

கிட்லிங்


ஃபோஷான்
12 அக்டோபர்

கிட்லிங்,

பொய் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அந்தக் கணவாய், இலந்தைப் பேச்சு அவருடைய பேச்சுதான். உன்னால் அதை இட்டுக்கட்ட முடியாது.

ஜூனில் உனக்குத் தெரியும். செப்டம்பர் வரை இருந்தார். நீ ஒரு வரி எழுதியிருந்தால் நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பேன். பையை வெளியே வைத்ததற்கு இதுவா விலை? வாங்கிவிட்டாய்.

உன்னை மன்னிக்கப் போவதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை. என்னைப் பற்றி இன்னும் ஏதாவது சொன்னாரா? நல்லதோ கெட்டதோ, அவர் வார்த்தையிலேயே எழுது. எனக்காக ஒன்றும் சேர்க்காதே, ஒன்றும் குறைக்காதே.

சுக்மெய்


ஃபூசோங்
24 அக்டோபர்

அண்ணி,

கையெழுத்தில் உங்கள் பெயரைப் பார்த்ததும் யாரோ என்று நினைத்துவிட்டேன். எனக்கு எப்போதும் 'அண்ணி' என்றுதானே போடுவீர்கள்.

அவன் கேட்டதற்காக மட்டும் நான் வாயை மூடவில்லை. கோபத்தாலும்தான். அதை மறைக்க மாட்டேன். நீங்களும் மன்னிக்க வேண்டாம்.

சொன்னது இது. வாத்துக் கால் தின்றுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"அவ அடுப்படியை விட்டு வரவே மாட்டேங்கறா, கிட்லிங். நாள் முழுக்க அந்தப் பக்கம் கரண்டி சத்தம் கேக்குது. கல்யாணம் ஆன புதுசுல நாங்க ரெண்டு பேரும் பஸ் கடைசி சீட்ல சும்மா உக்காந்து ஊரைச் சுத்துவோம், ஒண்ணுமே பேசாம. அப்படி ஒருதரம் உக்காந்தா போதும். சூப்பு வேணாம், வந்து உக்காருன்னு சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வருது. சொன்னா ஏன்னு கேப்பா. சொல்லிட்டா அழுவா. சரி, அழட்டும், பக்கத்துல உக்காந்து அழட்டும். ஒருநாள் கூப்பிடத்தான் போறேன்."

இவ்வளவுதான். ஒன்றும் சேர்க்கவில்லை.

கூப்பிட்டானா அண்ணி? உங்களை ஏசுவதற்காகக் கேட்கவில்லை. அவன் ஆசை நடந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கிட்லிங்


ஃபோஷான்
8 நவம்பர்

கிட்லிங்,

கூப்பிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். "சுக்மெய், இங்க வந்து கொஞ்சம் உக்காரேன்" என்றார்.

"ஏங்க, தண்ணி வேணுமா?"

"வேணாம்."

"கால் புடிச்சு விடணுமா?"

"ஒண்ணும் வேணாம். சும்மா உக்காரு."

"சும்மா உக்கார எனக்கு ஏதுங்க நேரம்? சட்டி அடுப்புல இருக்கு. விட்டா அடிபிடிச்சுடும்."

"சரி, நீ அதைப் பாரு" என்றார்.

அன்றைக்குச் சூப் நன்றாக வந்திருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

சுக்மெய்